எஃப்.ஆர்.பி. பைப் ஜாயின்ட்டில் ப்ராஜெக்ட் எடுப்பவர்களுக்கு

சேலத்தில் எம்.இ. படித்தபோது எஃப்.ஆர்.பி. பைப்பின், அதாவது கண்ணாடியிழையை ரெசினில் (இறுகும் பிளாஸ்டிக் பிசினில்) தோய்த்துச் சுற்றிய பைப்பின், ஒட்டு ஜாயின்ட்தான் என் ப்ராஜெக்ட். அடுத்து இதை எடுப்பவர்கள், சாஃப்ட்வேரைத் திறப்பதற்கு முன் கையால் ஒரு கணக்கு போட்டுவிடுங்கள். வைவாவில் அதைச் சுற்றித்தான் கேள்வி வரும்.

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு ஒரே பைப் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். (நிஜத்தில் யாரும் அப்படிப் போடமாட்டார்கள், நடுநடுவே தொட்டி கட்டி அழுத்தத்தைக் குறைப்பார்கள்.) உயர வித்தியாசம் சுமார் 1,200 மீட்டர். தண்ணீர் சும்மா நின்றாலே அடியில் ஏறக்குறைய 120 பார், அதாவது 12 மெகாபாஸ்கல். விட்டம் 100 மி.மீ., சுவர் 5 மி.மீ. என்றால் பைப் சுவரில் வரும் தகைவு (ஒரு பரப்பின் மேல் விழும் விசை) சுற்றுவாட்டில் 120 மெகாபாஸ்கல், நீளவாட்டில் அதில் பாதி. இந்த 2:1 விகிதத்துக்காகத்தான் இழையைச் சுமார் 55 டிகிரியில் சுற்றுகிறார்கள்.

முனை மூடிய பைப்பில் நீளவாட்டு இழுவை முழுவதும் ஜாயின்ட்டில் பசை வழியாகத்தான் போக வேண்டும். ஓவர்லேப் (ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒட்டியிருக்கும் நீளம்) 60 மி.மீ. என்றால் பசையில் சராசரி ஷியர் (சறுக்கிப் பிரிக்கப் பார்க்கும் தகைவு) 5 மெகாபாஸ்கல்தான் வரும். "நல்ல எபாக்ஸி பசை இதைவிட அதிகம் தாங்குமே, அப்புறம் ஜாயின்ட் ஏன் விட்டது?" என்று வெளியிலிருந்து வரும் எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் மடக்குவார். பதில் இதுதான்: ஷியர் சமமாகப் பரவாது. ஓவர்லேப்பின் இரு ஓரங்களிலும் குவியும். 1938-லேயே வோல்கர்சன் என்ற ஆய்வாளர் காட்டியது இது. 1944-ல் கோலண்டும் ரைஸ்னரும் ஓரத்தில் உரித்தெடுக்கும் தகைவையும் கணக்கில் சேர்த்தார்கள். ஓவர்லேப்பை இரட்டிப்பாக்கினால் பலம் இரட்டிப்பாகாது என்று சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

டெஸ்ட்டுக்குத் தண்ணீர் மட்டும்தான், காற்று வேண்டவே வேண்டாம். வெடிக்கும் வரை காத்திருக்காமல் பைப்பின் வெளிப்பக்கத்தைக் கவனியுங்கள். இழை அறுவதற்கு முன்பே ரெசினில் நுண்விரிசல் விழுந்து, பைப் வியர்ப்பதுபோல் துளிகள் கசியும். அந்த அழுத்தத்தைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

உடைந்த துண்டைத் தூக்கிப் போடாதீர்கள். பசை ஒரு பக்கத்திலிருந்து வழவழவென்று முழுசாக உரிந்திருந்தால், ஒட்டுவதற்கு முன் பைப்பைத் தேய்த்ததோ துடைத்ததோ சரியில்லை என்று சந்தேகப்படலாம். இரண்டு பக்கமும் பசை இருந்தால் பசையே கிழிந்திருக்கிறது. இழை பிய்ந்து வந்திருந்தால் சரி, ஒட்டு பைப்பைவிடப் பலமாக இருந்திருக்கிறது.

ஒட்டும் வேலையைச் சித்திரை மதியத்தில் வைக்காதீர்கள். சேலத்து வெயிலில் டப்பா நிறையக் கலந்த எபாக்ஸி தானே சூடேறி, பூசி முடிப்பதற்குள் இறுகிவிடும். காலையிலேயே, கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துகொள்ளுங்கள்.