66-65

மார்ச் 10, 2024, ஞாயிறு

நேற்று நடந்த பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்து அரையிறுதியின் கடைசி நொடியைக் காலையிலிருந்து ஏழெட்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டேன். சவுத் கரோலினா பல்கலைக்கழக அணி, டென்னசியிடம் இரண்டு புள்ளி பின்தங்கி நிற்கிறது. ஒரு நொடிதான் பாக்கி. பந்து சவுத் கரோலினாவின் கமீலா கார்டோசோ கையில் விழுகிறது. 6 அடி 7 அங்குலம், பிரேசில்காரி, கூடைக்கு அடியிலேயே குடியிருக்கும் பெண். கல்லூரி ஆட்டங்களில் அதுவரை தூரத்திலிருந்து எறிந்து மூன்று புள்ளி வாங்கும் த்ரீ பாயின்டர் ஒன்றுகூடப் போட்டதில்லை. எறிந்தாள். பலகையில் பட்டு உள்ளே விழுந்தது. 74-73.

இன்று இறுதியில் எல்.எஸ்.யு.வை (லூசியானா ஸ்டேட்) வென்று எஸ்.இ.சி. என்ற தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களின் கோப்பையும் வந்தது. ஆனால் கடைசியில் தள்ளுமுள்ளு. அதே கார்டோசோ வெளியேற்றப்பட்டாள். ஆட்டம் முடிந்த கையோடு சவுத் கரோலினா கோச் டான் ஸ்டேலி மன்னிப்புக் கேட்டார். "இவங்களும் விளையாடியிருக்காங்களாம்மா?" என்றாள் மகள். என்ன கேள்வி! நாம் குடியிருக்கும் இந்தச் சார்லட் ஊரின் ஸ்டிங் என்ற தொழில்முறை அணிக்கே ஆடியவர் அவர். அந்த அணியும் கலைந்து போய்விட்டது, இவளுக்கு எப்படித் தெரியும்? அவளுக்காகவாவது இதை எழுதி வைக்க வேண்டும்.

மார்ச் 16

ஸ்டேலி பிறந்தது 1970இல், வடக்கு ஃபிலடெல்ஃபியாவில், ரேமண்ட் ரோசன் என்ற அரசுக் குடியிருப்பில். ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. பையன்களோடு ஆடித்தான் ஆட்டம் கற்றார். உயரம் 5 அடி 6 அங்குலம். 1988இல் வர்ஜீனியா பல்கலைக்கழகம் போய், நான்கு வருடத்தில் மூன்று முறை தேசிய அரையிறுதி வரை அணியைக் கூட்டிப்போனார். 1991, 1992 இரண்டிலும் நாட்டின் சிறந்த வீராங்கனை. பாயின்ட் கார்டு என்றால் பந்தைக் கொண்டுபோய் யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கிற ஆள். கூடை போடுகிறவளுக்குக் கைதட்டல், கொடுத்தவளுக்குப் புள்ளிவிவரத்தில் ஒரு எண்.

இவ்வளவுக்கும் பிறகு 1992 ஒலிம்பிக் அணியில் சேர்க்கவில்லை. குட்டை, சர்வதேச அனுபவமும் போதாது என்றார்களாம். என் கல்லூரி கோச்சும் என்னைப் பார்த்து அதே முதல் பாதியைத்தான் சொன்னார். எனக்கு அது சரியாகக்கூட இருந்திருக்கலாம், நான் 5 அடி 1. ஸ்டேலி அடுத்த மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம் வாங்கினார். 2004 ஏதென்ஸில் அமெரிக்கக் கொடியை ஏந்திப் போனவரும் அவர்தான்.

கோச் ஆகும் எண்ணமே அவருக்கு இருந்ததில்லை. 2000இல் சொந்த ஊர் டெம்பிள் பல்கலைக்கழகம் விடாமல் கேட்டு ஒப்புக்கொள்ள வைத்தது. கல்லூரி ஆட்டம் குளிர்காலத்தில், டபிள்யூ.என்.பி.ஏ. என்ற பெண்கள் தொழில்முறைத் தொடர் கோடையில். அதனால் ஆறு வருடம் இரண்டையும் சேர்த்தே பார்த்தார்: ஒரு பாதியில் கோச், மறு பாதியில் இன்னொரு கோச்சின் கீழ் பாயின்ட் கார்டு. அந்த உடம்பு எப்போது ஓய்ந்ததோ.

மார்ச் 24

சவுத் கரோலினா அணியின் ஊரான கொலம்பியா போய் வந்தோம். நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி நேரம், வழியெல்லாம் புளிசாத வாசனை. தள்ளுமுள்ளுக்காகத் தேசியத் தொடரின் முதல் ஆட்டத்தில் தடை அனுபவித்த கார்டோசோ இன்று திரும்பிவிட்டாள். நார்த் கரோலினாவை 88-41 என்று துவைத்து எடுத்தார்கள். நாங்கள் இருப்பதோ நார்த் கரோலினாவில். மகள் அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை.

முன்பெல்லாம் இந்த அரங்கு இப்படி நிரம்பியதில்லை. 2008இல் அவர் இங்கே வந்த முதல் பருவத்தில் 10 வெற்றி, 18 தோல்வி. 2014இல் உள்ளூர்ப் பெண் அஜா வில்சன் வெளியூர் போகாமல் இங்கேயே சேர்ந்தாள், 2017இல் முதல் தேசியப் பட்டம் வந்தது. அதற்கு முன், 1999இல் பர்டியூவுக்குப் பட்டம் வாங்கித் தந்த கோச் கரோலின் பெக், வென்றவர்கள் வழக்கமாக அறுத்தெடுக்கும் கூடை வலையிலிருந்து ஒரு துண்டை ஸ்டேலியிடம் கொடுத்து வைத்திருந்தார். நீ ஜெயித்ததும் திருப்பிக் கொடு என்று. ஜெயித்தபின் ஸ்டேலி தன் 2017 வலையை நறுக்கி, நாடெங்கும் தலைமைக் கோச்சாக இருக்கும் கறுப்பினப் பெண்களுக்கு அனுப்பினார். இதையும் ஒரு பாஸ் என்றுதான் நான் கணக்கு வைக்கிறேன்.

மார்ச் 30

நேற்று ஸ்டான்ஃபர்ட், என்.சி. ஸ்டேட்டிடம் (நார்த் கரோலினா ஸ்டேட்) தோற்று வெளியேறியது. ஸ்டான்ஃபர்ட் கோச் தாரா வான்டெர்வீரின் முகத்தைப் பார்த்ததும் பழைய கணக்கு ஞாபகம் வந்தது.

1990 அரையிறுதியில் ஸ்டேலியின் வர்ஜீனியா தோற்றது அவருடைய ஸ்டான்ஃபர்டிடம். 1991இல் இறுதி வரை போய் டென்னசியிடம் ஓவர்டைமில் 70-67. தோற்ற அணியில் இருந்தும் அந்தச் சுற்றின் சிறந்த வீராங்கனை ஸ்டேலிதான். 1992 அரையிறுதியில் மறுபடி ஸ்டான்ஃபர்ட், 66-65. கல்லூரிச் சாம்பியன் பட்டம் இல்லாமலே வெளியே வந்தார்.

சரி, கதை அங்கே முடிந்திருக்கலாம். 2021 அரையிறுதி. இப்போது ஸ்டேலி கோச், எதிரில் அதே வான்டெர்வீர், அதே ஸ்டான்ஃபர்ட். கடைசி நொடியில் சவுத் கரோலினாவின் அலியா பாஸ்டன் கூடைக்கு அருகிலிருந்து போட்டது விளிம்பில் பட்டு வெளியே விழுந்தது. 66-65. இருபத்தொன்பது வருடம் கழித்து எண்ணைக்கூட மாற்றவில்லை.

மகளிடம் சொன்னபோது நம்பவில்லை. போனில் தேடிப் பார்த்துவிட்டு, "அந்தப் பாட்டி பாவம் பார்க்கவே மாட்டாங்களா?" என்றாள். 1996 அட்லாண்டாவில் ஸ்டேலிக்கு முதல் தங்கம் வாங்கித் தந்த கோச்சும் அதே பாட்டிதான் என்றேன். குழம்பிப்போய்த் தூங்கிவிட்டாள்.

ஏப்ரல் 5

அரையிறுதி. என்.சி. ஸ்டேட்டை 78-59. எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 7, ஞாயிறு

கிளீவ்லாந்தில் இறுதி, எதிரில் அயோவா. போன வருடம் 36 ஆட்டத்திலும் தோற்காமல் வந்த ஸ்டேலியின் அணியை அரையிறுதியில் அயோவாவின் கெய்ட்லின் கிளார்க் தனியாளாக 41 புள்ளி போட்டு அனுப்பிவைத்தாள். அதோடு தொடக்க ஐவரும் போய்விட்டார்கள். இந்த வருடம் எல்லாமே புதிதாகக் கட்டியது.

தொடக்கமே 10-0, அயோவா பக்கம். முதல் கால் பகுதியில் கிளார்க்குக்கு மட்டும் 18. நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது சவுத் கரோலினாவின் ரேவன் ஜான்சன் அவளை நிழல்போல ஒட்டிக்கொண்டிருந்தாள். போன வருடம் கிளார்க், நீ எறிந்தால் எறி என்று கையை வீசிக் காவல் காக்காமல் விட்டது இதே ரேவனைத்தான். பாதி ஆட்டம் முடியும் தறுவாயில் கிளார்க்கின் கையிலிருந்தே பந்தைப் பறித்து லே-அப் போட்டாளே, வீட்டில் நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

87-75. கார்டோசோவுக்கு 15 புள்ளி, 17 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பிய பந்தைப் பிடித்தது). எனக்குப் பிடித்த எண் வேறு: மாற்று ஆட்டக்காரர்கள் போட்ட புள்ளி 37-0. முதல் வருட மாணவி டெஸ்ஸா ஜான்சனுக்கே அதில் 19. யார் கைக்குப் போனாலும் பந்து வீணாகாத அணி. 38 ஆட்டம், 38 வெற்றி. ஸ்டேலி அழுதுகொண்டே பேசினார். இந்த ஆட்டத்தை உயர்த்தியதற்குக் கிளார்க்குக்கும் நன்றி சொன்னார்.

ஏப்ரல் 10

தாரா வான்டெர்வீர் ஓய்வு பெறுகிறார். செய்தி நேற்று வந்தது. 1,216 வெற்றி, ஆண் பெண் இருபால் கல்லூரிக் கூடைப்பந்திலும் அதுவரை யாரும் தொடாத எண். பள்ளியிலிருந்து வந்த மகளிடம் சொன்னேன்.

"யாரு, அந்த 66-65 பாட்டியா?"

ஆமாம், அந்தப் பாட்டிதான் என்றேன். பையை வைத்துவிட்டுப் பந்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.