ப-14 சொன்ன பெயர்

"உங்கள் பெயரோ உங்களை அடையாளம் காட்டக்கூடிய வேறு தகவலோ எங்கும் வெளியிடப்படாது."

எங்கள் சம்மதப் படிவத்தில் உள்ள வரி இது. தமிழ்ப் படிவத்தை எழுதியவள் நான்தான். இதை வாசித்துக் காட்டினால் பெரும்பாலானவர்கள் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். சிலர் முகத்தில் ஒரு நிம்மதிகூடத் தெரியும். கொட்டாஞ்சேனையில் ஓர் அம்மா மட்டும் பேனாவை வாங்காமல் என்னைப் பார்த்தார்.

"ஏன் மகள் போடமாட்டீங்க? நான் என்ன களவா எடுத்தேன்?"

ஆடிவேல் பவனியை மக்கள் எப்படி உணர்கிறார்கள் என்பதுதான் ஆய்வு. செட்டியார் தெருக் கதிரேசன் கோயில்களிலிருந்து பம்பலப்பிட்டிக்குத் தேர் போகும் பாதை கொழும்பில் யாருக்கும் தெரியும். கொலரா பயத்தில் ஆங்கிலேயர்கள் கதிர்காமப் பாதயாத்திரையைக் கட்டுப்படுத்தியதும், போக முடியாமற் போனவர்களுக்காக நகரத்தார் எனப்படும் செட்டிமார் இங்கேயே வேல் எடுத்ததும் பலமுறை எழுதப்பட்ட வரலாறு. அதைத் திருப்பி எழுத எங்களுக்குப் பணம் தரப்படவில்லை. தேர் போகும்போது தெருவோரம் நிற்பவரின் மனதில் என்ன நடக்கிறது என்று கேட்கத்தான் தந்தார்கள்.

அந்த அம்மாவின் மனதில் நடந்தது இதுதான். அவருடைய அப்பா தேருக்குப் பக்கத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தலையில் சுமந்து நடந்தவர். சும்மாடு சுற்றி, அதன் மேல் விளக்கை வைத்து, ஒரு கையால் பிடித்தபடியே நடக்க வேண்டும். காலிமுகத்திடலில் கடற்காத்து அடித்தால் வெளிச்சம் தடுமாறும். குலுங்கினால் விளக்குக்குள் எரியும் வலையான மேன்டல் உதிர்ந்துவிடும். உதிர்ந்தால் ஓரமாக நின்று புதியதைக் கட்டி, பம்ப் அடித்து, முன்னால் போய்விட்ட தேரை ஓடிப் பிடிக்க வேண்டும். சின்னப் பிள்ளையான இவர் பம்பலப்பிட்டியில் வாங்கித் தந்த கரும்புத் துண்டைக் கடித்துக்கொண்டு காத்திருப்பாராம். "எல்லாரும் அந்த வெளிச்சத்துல சாமியப் பார்த்தாங்க. நான் அப்பாவைத்தான் பார்த்தேன்" என்றார். இதை ஒலிப்பதிவில் எத்தனையோ தரம் கேட்டுவிட்டேன். ஒவ்வொரு தரமும் ஆய்வு முழுவதற்கும் இந்த ஒரு வாக்கியம் போதும் என்று தோன்றுகிறது.

படிவம் பிறகு வந்தது. முதலில் கையெழுத்து, அப்புறம் பேச்சு என்பது முறை. ஆனால் இந்த வயதுக்காரர்களிடம் பேப்பரை முதலில் நீட்டினால் பேச்சே வராது என்பதால், வாயால் சம்மதம் வாங்கிக்கொண்டு கடைசியில் கையெழுத்து வாங்கலாம் என்று ஆய்வுகளைச் சரிபார்க்கும் ஒழுக்கநெறிக் குழு அனுமதித்திருந்தது.

"உங்கட பாதுகாப்புக்குத்தான் அம்மா" என்றேன்.

"எண்பத்து மூணுல பேரைத் தெரிஞ்சுகிட்டுத்தான் வந்தாங்க. அப்ப யாரு பாதுகாத்தது?"

அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்வது? 1983 யூலை இனக்கலவரத்தில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு தேடி வந்தார்கள் என்பதை இந்த நகரத்தில் தமிழர் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதுவும் ஆடி மாதம்தான். படிவத்தில் அந்த வரியை எழுதியபோது என் மனதில் இருந்ததும் அதே பட்டியல்தான். அவருக்கும் எனக்கும் நினைவு ஒன்று. அதிலிருந்து எட்டிய முடிவு வேறு. ஒளித்துவைத்தாலும் காப்பாற்றாது என்பது அவர் பக்கம். இனியாவது நாங்கள் ஒரு பட்டியலைத் தயாரித்துக் கொடுக்கக்கூடாது என்பது என் பக்கம்.

"என் பேர் வேணாம்னா விடுங்க. அப்பாட பேரைப் போடுங்க" என்று சொல்லி, பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னார். ஊரையும் சேர்த்துச் சொன்னார். நான் குறிப்பேட்டில் எழுதினேன். அதைப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

திட்டத்தின் மேடத்திடம் அன்றைக்கே கேட்டேன். அவர் எரிச்சற்படவில்லை, அவசரப்படவும் இல்லை. இறந்தவருக்கு இரகசியம் காக்கும் விதி நேரடியாகப் பொருந்தாது என்பதை ஒப்புக்கொண்டார். ஆனால் அப்பாவின் பெயரைப் போட்டால் மகள் யாரென்று தெரிந்துவிடும்; மகளுடைய பெயரை வெளியிடமாட்டோம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறோம். மாற்றுவதென்றால் ஒழுக்கநெறிக் குழுவுக்குத் திருத்தம் அனுப்ப வேண்டும், அதற்கு மாதங்கள் எடுக்கும், அறிக்கைக்கோ நாள் குறித்தாயிற்று. "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டார். விதிப்படியே போகலாம் என்றேன். அதைச் சொன்னவள் நான்தான். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. இன்றைக்கு அதே நிலையில் நின்றாலும் பெரும்பாலும் அதையேதான் சொல்வேன். ஆனாலும் அந்த அம்மாவின் பெயருக்குப் பதிலாக ப-14 என்ற எண்ணைத் தட்டச்சுச் செய்த இடத்தை நினைத்தால் மனம் ஒத்துக்கொள்வதில்லை.

காரணம் அறிக்கையிலேயே இருக்கிறது. அதன் முதல் அத்தியாயம் கொழும்பு வடக்கின் கோயில்களைப் பற்றியது. கொச்சிக்கடை பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலைக் கருங்கல்லில் திருப்பிக் கட்டிய சேர் பொன்னம்பலம் இராமநாதனின் பெயர் அதில் வருகிறது. முதலில் கட்டிய அவருடைய தந்தையின் பெயரும் வருகிறது. எவருடைய அனுமதியையும் நாங்கள் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை, அவை பொது வரலாறு. மூன்றாம் அத்தியாயத்துக்கு வந்தால் எல்லோரும் எண்கள். கட்டியவருக்குப் பெயரும் சுமந்தவருக்கு எண்ணும் கொடுத்து ஓர் அறிக்கை எழுதிவிட்டு, அதன் முன்னுரையில் மரபுரிமை மக்களுடையது என்றும் எழுதியிருக்கிறோம்.

லோராஜேன் சிமித் என்ற ஆய்வாளர் எங்கள் துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுபவர். எது மரபுரிமை என்பதை நிபுணர்களும் அரசும் தீர்மானித்துவிட்டு, மற்றவர்களை வெறும் பார்வையாளர்களாக நிறுத்திவிடுகிறார்கள் என்பது அவருடைய வாதம். மரபுரிமை என்பது ஒரு பொருள் அல்ல, மக்கள் அதை வைத்து நினைவையும் அர்த்தத்தையும் உண்டாக்கும் செயல் என்கிறார். எங்கள் கேள்விக்கொத்தின் அடித்தளமே அதுதான். இலங்கையில் இந்த வாதத்துக்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. 1940இன் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஐ எல்லையாக வைக்கிறது, கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன கண்டி ஒப்பந்தத்தின் நாள். அதற்கு முந்திய கட்டடம் தானாகவே தொல்பொருளாகிறது. பிந்தியதைத் தனியாக அரசிதழான வர்த்தமானியில் அறிவித்தால்தான் உண்டு. ஆடிவேல், கொழும்பின் தமிழ்க் கோயில்களில் பெரும்பாலானவை, மலையகத்தின் லயன்கள் என்ற தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள் எல்லாமே இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம். பெட்ரோமாக்ஸ் சுமந்தவரை எந்தச் சட்டத்தில் தேடுவது? இதையெல்லாம் கண்டித்துப் பக்கம் பக்கமாக எழுதிய நாங்கள்தான் அவருடைய பெயரை எடுத்தோம்.

எடுத்தது தவறு என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. பெயர் மறைக்கும் இந்தப் பழக்கம் பெரும்பாலும் மருத்துவ ஆய்விலிருந்து வந்தது. மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளுக்கு நெறி வகுத்த 1964இன் ஹெல்சிங்கி பிரகடனம், 1979இன் பெல்மொன்ட் அறிக்கை இரண்டுக்கும் பின்னால் மனித உடல்களை வைத்து நடந்த கொடுமைகள் இருக்கின்றன. நோயாளியின் பெயரை மறைப்பது அவரைக் காப்பது. ஆனால் தன் தகப்பனைப் பற்றிப் பெருமையோடு பேசும் ஒருவர் நோயாளி இல்லையே. வாய்மொழி வரலாறு செய்கிறவர்கள் இதை எப்போதோ யோசித்துவிட்டார்கள். பேசுகிறவர் விரும்பினால் அவருடைய பெயரிலேயே பதிவைப் பேணுவது அவர்களிடம் வழக்கம். நாங்கள் வாய்மொழி வரலாற்றைப் போல் கேட்டோம், கருத்துக்கணிப்பைப் போல் எழுதினோம்.

பெயர் வேண்டும் என்று அவர் கேட்டதை வெறும் ஆசையாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. எங்கள் கோயில்களில் குழல்விளக்கு வாங்கிக் கொடுத்தவர்கூட வெளிச்சம் பாதி மறையும் அளவுக்கு அதில் 'உபயம்' என்று பெயரை எழுதிவைப்பார். கொடுத்தவர் பெயர் நிற்க வேண்டும் என்பது நம்மிடம் அவ்வளவு இயல்பான விஷயம். அந்த அம்மாவின் அப்பாவும் வெளிச்சம் கொடுத்தவர்தான். கூலிக்குச் சுமந்ததால் உபயகாரர் ஆகவில்லை, அவ்வளவே.

இப்படி அவர் பக்கம் சாய்ந்து நிற்கும்போதுதான் மகனின் தொலைபேசி நினைவுக்கு வரும். அறிக்கை அச்சுக்குப் போகும் முன் அழைத்தார். படிவத்தில் இருந்த இலக்கத்துக்கு எடுத்ததாகச் சொன்னார். மரியாதையாகத்தான் பேசினார்.

"அம்மா எல்லாத்தையும் சொல்லியிருப்பாங்க மிஸ். பேரு ஒண்ணும் வராதுதானே?"

வராது என்றேன்.

"நல்லது. நாங்க இங்கயே இருக்கிற ஆக்கள். எந்த நேரம் என்ன வரும்னு சொல்ல ஏலாது."

தாத்தாவின் பெயரைப் போடச் சொல்லி அம்மா கேட்டதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாய்க்கும் மகனுக்கும் நடுவில் நான் ஏதோ ஒரு பக்கம் நின்றிருப்பேன். விதி அந்த நேரத்தில் எனக்குக் கைகொடுத்தது. வராது என்று உடனே சொல்ல முடிந்ததே அதனால்தான். போனை வைத்ததும் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி யாருக்காக என்பதுதான் இன்னும் என்னைக் குடைகிறது. அந்தக் குடும்பத்துக்காகவா, முடிவை நான் எடுக்க வேண்டியதில்லை என்பதற்காகவா?

அந்தப் பெயர் உண்மையில் யாருக்குச் சொந்தம்? மகளுக்கா, பேரனுக்கா? அப்பாவைக் கேட்க வழியில்லை. அவரும் பெயர் வேண்டாம் என்றிருக்கலாம். கேட்டிருந்தால் வெட்கப்பட்டுச் சிரித்திருக்கலாம். மேடத்திடம் இதைச் சொன்னபோது, "இதைத்தான் கட்டுரையாக எழுத வேண்டும்" என்றார். அந்த யோசனை நல்லதுதான், ஆனால் அதிலும் அந்த அம்மா ப-14 ஆகத்தான் வருவார்.

இப்போது அடுத்த ஆய்வுக்கான விண்ணப்பம் என்னிடம் இருக்கிறது. படிவத்தில் அந்த ஒற்றை வரியை எடுத்துவிட்டு, பெயர் வெளிவரலாம், வேண்டாம், குடும்பத்தில் வேறு ஒருவரின் பெயரைக் குறிப்பிட விரும்புகிறேன் என்று மூன்று பெட்டிகள் போட்டிருக்கிறேன். கூட வேலை செய்யும் தம்பி மூன்றாவதைப் பார்த்துவிட்டு, "அக்கா, வீட்டுக்காரர் மாறிச் சொன்னா?" என்று கேட்டான். அதற்கு ஒரு பந்தி எழுதினேன், அழித்தேன், திரும்ப எழுதினேன். இப்போதைக்குப் பேசுகிறவரின் சொல்லே கணக்கு என்று இருக்கிறது. கொட்டாஞ்சேனை மகன் இதை வாசித்தால் ஒத்துக்கொள்ளமாட்டார். குழு என்ன சொல்லும் என்றும் தெரியாது. படிவத்தை அப்படியேதான் அனுப்பப் போகிறேன்.