டிசம்பர் 25-இலிருந்து பின்னோக்கி எண்ணுதல்

செப்டம்பர் 21, 2024, சனி. லண்டன்

கிறிஸ்துமஸ் பரிசுக்காக ஹயசிந்த் என்ற வாசனைப் பூச்செடியின் கிழங்குகள் பன்னிரண்டு வாங்கி வந்தேன், பார்க்க வெங்காயம் மாதிரியே இருக்கும். கிறிஸ்துமஸுக்கென்றே பதப்படுத்தியவை என்று பையில் போட்டிருந்தது. சீக்கிரமே தோண்டி எடுத்து, வெப்பத்தில் வைத்து, உள்ளே இருக்கும் மொட்டை முந்திக்கொள்ளச் செய்த கிழங்குகள் இவை. சாதாரணக் கிழங்கு என்றால் புத்தாண்டு தாண்டித்தான் பூக்கும்.

கையுறை போட்டுக்கொண்டுதான் தொட்டேன். சேனைக்கிழங்கு நறுக்கிய கை மாதிரி அரிக்கும்; இரண்டிலும் இருப்பது ஊசி ஊசியான ஆக்ஸலேட் படிகம்தான். கிண்ணத்துக்கு மூன்று கிழங்கு, மூன்றும் ஒரே நிறம். நிறம் கலந்தால் ஒன்று முந்தும், இன்னொன்று பிந்தும். முனை மட்டும் வெளியே தெரிய நட்டு, கறுப்புப் பையால் மூடித் தோட்டத்து ஷெட்டில் வைத்தாயிற்று. பத்து வாரம் இருட்டும் குளிரும் வேண்டும். ஷெட்டில் 9 டிகிரிக்கு மேல் போகாமல் இருந்தால் நல்லது.

ராத்திரி ஊரிலிருந்து, தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்திலிருந்து, அம்மா போன். விஷயத்தைச் சொன்னேன். “ஏட்டி, வெங்காயத்தையா பரிசாக் குடுக்கப் போற?” என்றாள். பூத்ததும் வீடியோவில் காட்டுகிறேன் என்றேன்.

அக்டோபர் 27, ஞாயிறு

குளிர்காலத்துக்காக இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளும் நாள் இன்று. பெரிய பூப் பூக்கும் அமரிலிஸ் கிழங்கு மூன்று நட்டேன். கடையில் அமரிலிஸ் என்றுதான் விற்கிறார்கள். உண்மையில் இது தென் அமெரிக்க ஹிப்பியாஸ்ட்ரம். அசல் அமரிலிஸ் தென் ஆப்பிரிக்காக்காரி. இதற்குக் குளிர்காலத் தூக்கம் தேவையில்லை, நட்டு ஆறு முதல் எட்டு வாரத்தில் பூக்கும். கிழங்கைவிடச் சற்றே பெரிய தொட்டி போதும். மேல் பக்கம் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்கு வெளியே இருக்க வேண்டும்.

நவம்பர் 9, சனி

கண்ணாடிக் கிண்ணத்தில் கூழாங்கல் பரப்பி, வெள்ளைப் பூப் பூக்கும் பேப்பர்வைட் நார்சிசஸ் கிழங்கு ஐந்தை நெருக்கமாக உட்கார வைத்தேன். மண்ணே வேண்டாம். தண்ணீர் கிழங்கின் அடியைத் தொட்டால் போதும், மூழ்கினால் அழுகிவிடும்.

நவம்பர் 20, புதன்

பேப்பர்வைட் தளிர் 5 சென்டிமீட்டர் வந்துவிட்டது. போன வருடம் தண்டு நெடுநெடுவென்று வளர்ந்து, பூத்த அன்றே சாய்ந்து விழுந்தது. அதனால் இந்த முறை தண்ணீரில் மது கலக்கிறேன். கார்னெல் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்த முறை இது: நீரில் ஐந்து சதவீதம் ஆல்கஹால் இருந்தால் செடியால் தண்ணீரை அதிகம் உறிஞ்ச முடியாது, தண்டு மூன்றில் ஒரு பங்காவது குட்டையாக நிற்கும், பூ குறையாது. 40 சதவீத வோட்கா ஒரு பங்குக்குத் தண்ணீர் ஏழு பங்கு. பீரும் ஒயினும் ஆகாது, அவற்றில் சர்க்கரை இருக்கிறது.

டிசம்பர் 1, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்ததும் ஷெட்டைத் திறந்தேன். மூன்று கிண்ணங்களில் வெளிறிய தளிர், நடுவில் மொட்டு. நான்காவதைத் தொட்டதும் விரல் உள்ளே போனது. ஒரே நாற்றம். அடியில் ஓட்டை இல்லாத கிண்ணம் அது. மேல்மண் காய்ந்திருக்கிறதே என்று நவம்பரில் ஊற்றிய தண்ணீர் அடியில் தேங்கியிருக்கிறது. அதை எதிர்வீட்டுப் பாட்டிக்கென்று எண்ணி வைத்திருந்தேன். மனசே ஆறவில்லை.

மற்ற மூன்றையும் நேராக ஹீட்டர் பக்கம் கொண்டுபோகவில்லை. தளிர் பச்சை பிடிக்கும்வரை குளிர்ந்த முன்கூடம், அப்புறம்தான் அறை.

டிசம்பர் 8, ஞாயிறு

அமரிலிஸ் இரண்டில் தண்டு சாணளவுக்கு மேல் வந்துவிட்டது. வெளிச்சம் பார்த்துச் சாய்கிறது என்று தினமும் தொட்டியைத் திருப்பி வைக்கிறேன். மூன்றாவதில் நாக்கு நுனி அளவு பச்சைதான். அது இத்தனை நாளும் சில்லென்ற ஜன்னலோரம் இருந்திருக்கிறது. வேர்விடக் கதகதப்பு வேண்டுமே! 20 டிகிரி இருக்கும் சமையலறை அலமாரிக்கு மாற்றினேன்.

டிசம்பர் 21, சனி

கொடுத்துவிட்டு வந்தேன். ஹயசிந்த் கிண்ணங்களில் பூந்தண்டின் அடியில் மணி மாதிரியான பூ இரண்டு மூன்றுதான் விரிந்திருந்தன. அப்படிக் கொடுப்பதுதான் எனக்குப் பிடிக்கும். முழுக்கப் பூத்ததைக் கொடுத்தால் வாங்குபவர் வாடுவதைத்தான் பார்க்க நேரிடும். மொட்டாகக் கொடுத்தால் விரிவது அவர்கள் வீட்டில் நடக்கும். ஒவ்வொன்றிலும் சீட்டு கட்டினேன்: கிழங்கு நஞ்சு, நாய்க்கும் குழந்தைக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

பாட்டிக்குப் பேப்பர்வைட். தண்டு குட்டையாக, ஐந்தும் நிமிர்ந்து நின்றன. இந்த வாசனை இங்கே பலருக்கு ஆகாது. சாணி நாற்றம் என்றுகூடச் சொல்வார்கள். நம் மல்லிகையில் இருக்கும் இண்டோல் என்ற வாசனைப் பொருள் இதிலும் உண்டு, அதனால்தானோ என்னவோ எனக்கு ஊர் வாசனையாகவே படுகிறது. பாட்டி கிண்ணத்தை முகத்தோடு சேர்த்துப் பிடித்து மோந்தார். படுக்கையறையில் வைத்துக்கொள்கிறேன் என்றார்.

ஜனவரி 12, 2025, ஞாயிறு

மூன்றாவது அமரிலிஸ் இன்று காலையில்தான் விரிந்தது. ஒரே தண்டில் நான்கு பூ, இரத்தச் சிவப்பு. யாருக்கும் கொடுக்காமல் என்னிடமே நின்றுவிட்டது. அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமலே பார்த்துவிட்டு, “பூ காஞ்சதும் அந்தக் கெழங்கத் தூரப் போட்டுராத” என்றாள்.