ரஷ்யப் பேரரசில் சட்டமும் இலக்கியமும்: தேர்வுக்குப் படித்த முறை

ஒப்பிலக்கியத் தாளில் இப்பகுதியை எடுத்துக்கொள்வோர், நாவல்களைத் தொடுவதற்கு முன்பே 1864-ஆம் ஆண்டின் நீதித்துறைச் சீர்திருத்தத்தைப் படித்துவிடுவது நல்லது. எனக்குப் பாடம் பிடிபட்டது அதன் பிறகே. அதற்கு முன்பெல்லாம் வழக்குகள் மூடிய அறையில் ஆவணங்களின் வழியாகவே நடந்தன. குற்றம் சாட்டப்பட்டவரின் ஒப்புதல் வாக்குமூலமே தலையாய சான்றாக மதிக்கப்பட்டது. ஜார் மன்னர் இரண்டாம் அலெக்சாண்டர் காலத்துச் சீர்திருத்தம் ஜூரி முறையையும் (பொதுமக்களிலிருந்து எடுக்கப்பட்ட குழு குற்றத்தை முடிவு செய்வது) வெளிப்படையான வாய்மொழி விசாரணையையும் தனித்தியங்கும் வழக்கறிஞர்களையும் தந்தது. ஆனால், பீட்டர்ஸ்பர்க்கில் புதிய நீதிமன்றங்கள் 1866 ஏப்ரலில்தான் திறக்கப்பட்டன.

தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ நாவல் அதே ஆண்டில் தொடராக வந்தது. கதையோ சீர்திருத்தம் நடைமுறைக்கு வராத இடைக்காலத்தில் நிகழ்கிறது. சீர்திருத்தம் வரப்போகிறது, நம் பதவிப் பெயராவது மாறும் என்று விசாரணை அதிகாரி போர்ஃபிரி சிரிக்கும் இடத்தை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். கையில் உறுதியான தடயம் இல்லாத அவர், சட்டம் பயின்ற கொலையாளி ரஸ்கோல்னிகோவின் வாயிலிருந்தே உண்மையை வரவழைக்கப் பார்ப்பது பழைய சான்று முறையின் நிழல் என்று வாதிடலாம்.

அவருடைய ‘கரமசோவ் சகோதரர்கள்’ நாவலில் நான்கு அதிகாரிகள், இரண்டு வணிகர்கள், ஆறு விவசாயிகளும் நகரத்து எளியோரும் கொண்ட ஜூரி, தந்தையைக் கொலை செய்யாத திமித்ரியைக் குற்றவாளி என்கிறது. இதை மட்டும் படித்துவிட்டுத் தஸ்தயேவ்ஸ்கி ஜூரி முறையையே வெறுத்தார் என்று எழுதுவது அவசர முடிவு. உண்மையில் நடந்த கொர்னிலோவா வழக்கை உடன் வைத்துப் பாருங்கள். 1876-இல் கர்ப்பிணியான அப்பெண், கணவரின் முதல் தாரத்து மகளான ஆறு வயதுச் சிறுமியை நான்காம் மாடிச் சன்னலிலிருந்து தள்ளிவிட்டு, தானே காவல் நிலையம் சென்றாள். சிறுமி பிழைத்துக்கொண்டாள்; மாற்றாந்தாயான கொர்னிலோவாவுக்குக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. கர்ப்பகால மனநிலையைக் கருத வேண்டும் என்று தஸ்தயேவ்ஸ்கி தம் ‘எழுத்தாளனின் நாட்குறிப்’பில் வாதாடினார், தீர்ப்பு ரத்தாகி, 1877-இல் நடந்த மறுவிசாரணையில் அவள் விடுதலையானாள். எழுத்து வழக்கின் போக்கிலேயே தலையிட்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று இப்பாடத்தில் இல்லை என்பதால், நெடுவினாவில் ஒரு முழுப் பத்தியை இதற்கே ஒதுக்கலாம்.

எதிர்த்திசையில், சட்டத்திலிருந்து இலக்கியத்துக்கு வந்ததற்கு டால்ஸ்டாயின் ‘புத்துயிர்ப்பு’ (1899) போதும்: கதைக்கருவை அவருக்குச் சொன்னவர் நீதிபதி கோனி. கொல்லும் நோக்கமில்லை என்ற சொற்றொடரை ஜூரிகள் சேர்க்க மறந்ததால் கொலைக்குற்றம் சாட்டப்பட்ட நாயகி மாஸ்லவா நான்காண்டுக் கடுந்தண்டனை பெறும் அத்தியாயங்களை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள்.