மாத்திரையைக் கூட்டும் முன் ஒரு நோட்டு போடுங்கள்

தம்பி மறுபடியும் பகல்நேர மையத்துக்குப் போக ஆரம்பித்து இன்றோடு மூன்று வாரம். ஐந்து மாதம் வீட்டிலேயே இருந்தான். எங்களுக்கு ஒரே பிள்ளை, தம்பி என்றுதான் கூப்பிடுவோம். வயது 22. ஆட்டிசத்தோடு அறிவுசார் குறைபாடும் உண்டு. பத்துப் பன்னிரண்டு சொல் பேசுவான். இதே நிலையில் இருக்கும் இன்னொரு அம்மாவுக்கு ஒரு அலைச்சலாவது மிச்சமாகட்டும் என்று எழுதுகிறேன்.

மையத்திலிருந்து போன் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. பக்கத்திலிருந்த பையனை அடித்துவிட்டான், விலக்க வந்த உதவியாளர் அக்காவின் மணிக்கட்டைக் கடித்துவிட்டான். அதற்கு முன்பே இரண்டு வாரமாகத் தன் கன்னத்தில் தானே குத்திக்கொண்டிருந்தான். “சரி பண்ணிட்டுக் கூட்டிட்டு வாங்கம்மா” என்று அவன் பையை என் கையில் கொடுத்துவிட்டார்கள். எதைச் சரி பண்ண? பதிவேட்டைக் காட்டச் சொன்னேன். அன்றைய தேதிக்கு நேரே ‘ஆக்ரோஷம்’ என்று ஒரே சொல். முந்தைய நாட்களுக்கும் அதே சொல். எத்தனை மணிக்கு, அதற்கு முன்னால் என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள் என்று ஒரு வரி இல்லை.

வழக்கமாகப் பார்க்கும் மனநல மருத்துவர் ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு, ஆக்ரோஷத்தைக் குறைக்கக் கொடுக்கும் ரிஸ்பெரிடோன் மாத்திரையின் அளவைக் கூட்டினார். தம்பி பகலெல்லாம் தூங்கினான், ராத்திரி எழுந்து சோறு கேட்டான். ஆறு வாரத்தில் நாலு கிலோ ஏறியது. விழித்திருந்த நேரத்தில் குத்துவது மட்டும் நிற்கவில்லை. மருந்தே கூடாது என்று நான் சொல்லவில்லை, சிலருக்கு அது தேவைதான். நீங்களாக நிறுத்தவும் கூடாது. ஆனால் எதற்காகக் கூட்டுகிறீர்கள், எத்தனை நாளுக்கு, பலன் இல்லையென்றால் என்ன செய்வோம் என்ற மூன்று கேள்வியையும் கேட்டுவிட்டு எழுந்திருங்கள். நான் கேட்கவில்லை.

வழி காட்டியவர் தம்பிக்குப் பள்ளியில் பாடம் எடுத்த சிறப்பாசிரியர். ஓய்வு பெற்றுவிட்டார். அழுதுகொண்டே போன் பண்ணினேன். அவர் கேட்டது ஒன்றுதான்: “அடிக்கிறதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சும்மா?” எனக்குத் தெரியவில்லை.

ஒரு நோட்டு போடச் சொன்னார். பக்கத்துக்கு மூன்று கட்டம். முன்னால் என்ன நடந்தது, என்ன செய்தான், அதற்குப் பின் நாம் என்ன செய்தோம். ஓரத்தில் தூக்கம், சாப்பாடு, மலம் கழித்தது. “கோபப்பட்டான்னு எழுதாதீங்க, கண்ணுல பார்த்ததை மட்டும் எழுதுங்க” என்றார். எதையோ வாங்க, எதிலிருந்தோ தப்பிக்க, யாரையோ திரும்பிப் பார்க்க வைக்க, இல்லையென்றால் உடம்பு அதைக் கேட்பதால், பெரும்பாலும் இந்த நாலில் ஒன்றுக்காகத்தான் அடிப்பார்களாம். ஆனால் இவற்றை யோசிக்கும் முன் பல், காது, வயிறு மூன்றையும் பார்த்துவிட வேண்டும். பேச்சு வராத பிள்ளைகளுக்கு வலியைச் சொல்ல வேறு வழியில்லை.

பத்து நாள் எழுதினேன். மூன்றாவது கட்டத்தைப் படிக்க எனக்கே கஷ்டமாக இருந்தது. அவன் குத்த ஆரம்பித்ததும் நான் சத்தமாகப் பேசியிருக்கிறேன், நான் பேசப் பேச அடி கூடியிருக்கிறது. அப்புறம் இரண்டாவது கட்டம்: “வலது கையை மடக்கி வலது தாடையில் ஆறு தடவை குத்தினான்.” மறுநாளும் வலது தாடை. அவன் வலது கைக்காரன், அதனால்தான் என்று நினைத்தேன். டீச்சர் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, சாப்பிடும்போது எந்தப் பக்கம் மெல்லுகிறான் என்று கேட்டார். அன்று ராத்திரி எதிரே உட்கார்ந்து பார்த்தேன். தோசையைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து இடது பக்கம் ஒதுக்கி மென்றான். அவனுக்கு உயிரான முறுக்கை எடுத்து, முகர்ந்து, தட்டிலேயே திரும்ப வைத்தான். எத்தனை நாளாக இப்படி வைத்துக்கொண்டிருந்தானோ, என் பிள்ளை.

அடுத்து நான் செய்தது பெரிய தப்பு. மறுநாளே பக்கத்துப் பல் கிளினிக்குக்கு இழுத்துப் போனேன். வாயைத் திறக்க மாட்டேன் என்றான். மூன்று பேர் பிடித்து அமுக்கினார்கள், நானும் பிடித்தேன். டாக்டரின் விரலைக் கடித்தான், வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு பல் துலக்க பிரஷ்ஷைக் காட்டினாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். தயவுசெய்து பிடித்து அமுக்காதீர்கள். ஒரு நாளில் போன நம்பிக்கையைத் திரும்ப வாங்க எனக்கு ஒரு மாதம் ஆனது.

டீச்சர் சொன்னபடி ஒரு அரசு பல் மருத்துவமனைக்கு ஐந்து தடவை சும்மா போய் வந்தோம். முதல் நாள் வாசல் வரைக்கும், அடுத்த நாள் வராண்டா, அப்புறம் நாற்காலி. ஒவ்வொரு தடவையும் திரும்பும்போது இளநீர். ஐந்தாவது தடவை அவனே வாயைத் திறந்தான். கீழ் வலது ஞானப்பல் முளைக்க இடமில்லாமல் உள்ளே சாய்ந்து, ஈறு சீழ் பிடித்திருந்தது. முதலில் சீழுக்கும் வலிக்கும் மருந்து கொடுத்தார்கள். முந்தைய வாரம் நோட்டில் ஒரு நாளைக்கு இருபது முப்பது குத்து இருந்தது. மூன்றாம் நாள் நாலுதான்.

பல்லை எடுக்க முழு மயக்க மருந்து கொடுத்தாக வேண்டும் என்றார்கள். அங்கேதான் காகிதம் இடித்தது. அவனுக்கு 18 தாண்டிவிட்டது, அம்மா கையெழுத்து போதாது, பாதுகாவலர் சான்றிதழ் வேண்டும் என்றார் அலுவலக ஊழியர். தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999இன்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு தரும் சான்றிதழ் அது. பையன் 18 முடித்த வருடமே வாங்கியிருக்க வேண்டும். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான நிராமயாவையும் இரண்டு வருடமாகப் புதுப்பிக்காமல் விட்டிருந்தேன். உங்கள் வீட்டுக் காகிதங்களை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

ஆளை நேரில் கூட்டி வரணும் என்றதால் ஒரு திங்கட்கிழமை தம்பியோடு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனேன். திங்கள் மனு கொடுக்கும் நாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. வராண்டா முழுக்கக் கூட்டம், மைக் சத்தம், இரண்டு மணி நேரம் நின்றோம். தம்பி காதைப் பொத்திக்கொண்டு “பஸ், பஸ்” என்றான். அவன் அப்படிச் சொன்னால் இங்கிருந்து போகலாம் என்று அர்த்தம். நான் “இதோ ஆச்சு” என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் தலையைச் சுவரில் மோத ஆரம்பித்துவிட்டான். இரண்டு பேர் செல்போனில் படம் எடுத்தார்கள். மேசையிலிருந்தவர் தலையைத் தூக்காமலே, “ஒரு அடி வச்சா அடங்கிருவான்மா” என்றார். பிறகு விண்ணப்பத்தைப் புரட்டி, அப்பா கையெழுத்தும் வேணும், இருவரும் சேர்ந்துதான் விண்ணப்பிக்கணும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். என் கணவர் ஓமனில் வேலை பார்க்கிறார். இருவர் கையெழுத்தும் வேண்டும் என்பதை அந்த ஆபீஸில் முதல் நாளே போனில் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு அடி என்ற பேச்சு இன்னும் எனக்கு ஆறவில்லை.

கையெழுத்து கூரியரில் வந்தது. இரண்டாவது தடவை முன்கூட்டியே பேசி, புதன் மதியம் மூன்று மணிக்கு நேரம் வாங்கினேன். பஸ், ஆபீஸ், நாற்காலி, இளநீர் என்று நாலு போட்டோவை வரிசையாக ஒட்டி முதல் நாளே அவனிடம் காட்டினேன். காதுக்கு ஹெட்போன், கையில் அவனுடைய எவர்சில்வர் டம்ளர். பத்து நிமிடத்தில் முடிந்தது, ஒரு குத்து இல்லை. குழு கூடி சான்றிதழ் கைக்கு வர ஏழு வாரம். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது.

திரும்ப மையத்தில் சேர்க்கத்தான் கடைசிப் போராட்டம். தம்பியைப் பற்றி ஒரு பக்கம் எழுதி எடுத்துப் போனேன். அவனுக்குப் பிடித்தது செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, பிடிக்காதது பின்னாலிருந்து தொடுவது. பொறுக்க முடியாமல் போகும்போது முதலில் காது சிவக்கும், அடுத்து முன்னும் பின்னும் ஆடுவான். அப்போது பேச்சைக் குறைத்து, இரண்டடி தள்ளி நின்று, ‘போதும்’ அட்டையைக் காட்டினால் போதும். நிர்வாகி படித்துவிட்டு, “ஒருத்தனுக்காக எல்லாத்தையும் மாத்த முடியாதும்மா” என்றார். நான் நோட்டை மேசையில் வைத்தேன். இரண்டு வாரம் பார்க்கலாம் என்று சம்மதித்தார்.

முதல் வெள்ளியே தன் கையைக் கடித்துக்கொண்டான். போன் வந்தபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஆனால் பேசியவர் நிர்வாகி இல்லை, முன்பு கடிபட்ட அந்த அக்கா. இப்போது அவர்தான் அங்கே நோட்டு எழுதுகிறார். “அம்மா, பதினோரு மணிக்கு சாம்பிராணி போட்டோம். புகை அவன் பக்கம் போச்சு. காது சிவந்துச்சு, மூக்கைப் பொத்திக்கிட்டு ஆடினான், அப்புறம்தான் கடிச்சான்” என்றார். மையத்தில் செவ்வாயும் வெள்ளியும் சாம்பிராணி போடுவது வழக்கம். பழைய பதிவேட்டை அவரே எடுத்துப் பார்த்திருக்கிறார். ‘ஆக்ரோஷம்’ என்று எழுதிய நாட்களில் பாதிக்கு மேல் செவ்வாயும் வெள்ளியும்தானாம். வீட்டில் நாங்கள் சாம்பிராணி போடுவதில்லை, எனக்குத் தெரிய வழியே இல்லை. பல் வலியோடு அந்தப் புகையும் சேர்ந்து அவனை என்ன பாடு படுத்தியிருக்கும்!

அவரே ஒரு வழியும் கண்டுபிடித்தார். அந்த இரண்டு நாளும் பத்தே முக்காலுக்கே தம்பியைப் பின்பக்கத் தோட்டத்துக்குக் கூட்டிப் போய்விடுகிறார். செம்பருத்திக்கும் வாழைக்கும் தண்ணீர் ஊற்றிவிட்டு, புகை அடங்கியதும் உள்ளே வருகிறார்கள். போன செவ்வாய் அவர் கூப்பிடும் முன்பே தம்பி வாளியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றானாம். இன்று வெள்ளி. குத்தும் இல்லை, கடியும் இல்லை என்று நாலு மணிக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார்.

வரும் புதன்கிழமை மனநல மருத்துவரைப் பார்க்கிறோம், மாத்திரை அளவைக் குறைப்பது பற்றிக் கேட்க. நோட்டையும் எடுத்துப் போகிறேன்.