மார்கழி நிழலும் என் சோலார் பேனலும்

மதுரையில் எங்கள் வீட்டு மாடியில் 540 வாட் பேனல்கள் ஆறு இருக்கின்றன. மின் இணைப்பு இறந்துபோன அப்பாவின் பெயரிலேயே இருந்ததால், பெயர் மாற்றத்துக்கு மூன்று முறை அலைந்தேன். விண்ணப்பிக்கும் முன்பே இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். மற்றபடி நெட் மீட்டர் (வீட்டுக்கு வரும் மின்சாரத்தையும் நாம் வெளியே அனுப்புவதையும் கணக்கிடும் மீட்டர்), 78,000 ரூபாய் அரசு மானியம் எல்லாம் ஒழுங்காகவே வந்தன. வயிற்றெரிச்சல் அதற்குப் பிறகுதான்.

இடம் பார்க்க நிறுவனத்து ஆள் ஆனி மாதம் நண்பகலில் வந்தார். தண்ணீர்த் தொட்டிக்கு வடக்கே பேனல் என்று முடிவாயிற்று. தொட்டியின் நிழல் அப்போது தெற்கே இரண்டடிதான் நீண்டிருந்தது. "நிழல் தொந்தரவே இல்லை சார்" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அம்மா மட்டும், "அங்கேயா தம்பி வைக்கிறீர்கள்? மார்கழியில் அந்தப் பக்கம் துணி காயாதே" என்றார். நிறுவனத்து ஆள் சிரித்தார். நானும் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பொருத்திய புதிதில் நாளுக்கு 13 யூனிட் வந்தது. மார்கழியில், வானம் வெளுத்திருந்த நாளில்கூட 8 யூனிட்டைத் தாண்டவில்லை. தொலைபேசியில் கேட்டால் "மேகம் சார்" என்றார்கள். அடுத்த முறை "தூசி சார்". தூசியும் உண்மைதான், புறா எச்சமும் இருந்தது. ஆத்திரத்தில் உச்சி வெயிலில் ஏறி ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றிக் கழுவினேன். இரண்டு தவறு. கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விழலாம்; எங்கள் உப்புநீர் காய்ந்து வெள்ளைப் படலமாக ஒட்டிக்கொண்டது. விடியற்காலையில், நல்ல தண்ணீரில், மென்மையான துணியால் துடையுங்கள்.

கழுவியும் அரை யூனிட்தான் கூடியது. கடைசியில், பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரின் செயலியில் மணிவாரி வரைபடத்தைப் பார்த்தேன். காலை எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு வரை படுத்தே கிடந்த கோடு, அதன்பின் சட்டென்று எழுந்தது. மேகம் இப்படி நாள் தவறாமல் மணி பார்த்து வருமா? மாடிக்கு ஓடினேன். தொட்டியின் நிழல் இரண்டு பேனல்கள் மீது குறுக்கே கிடந்தது.

மதுரை ஏறத்தாழ 10 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஆனியில் உச்சிச் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும். மார்கழியில் தெற்கே நன்றாகச் சரிந்துவிடும். பத்தடி உயரப் பொருளின் நிழல் அப்போது நண்பகலிலேயே வடக்கே ஆறடிக்கு மேல் போகும், காலையில் இன்னும் நீளும். இரண்டு பேனலில்தானே நிழல் என்றும் விட முடியாது. ஆறும் ஒரே தொடரில் இணைந்தவை. வரிசையாக நின்று செங்கல் கைமாற்றும்போது நடுவில் இருவர் சுணங்கினால் என்ன ஆகுமோ அதுதான்.

நிறுவனம் பேனலை நகர்த்தப் பணம் கேட்டது. நான் பிளம்பரை அழைத்துத் தொட்டியை வடக்கு ஓரத்துக்கு மாற்றினேன். ஒரு பகல் வேலை, 4,500 ரூபாய். மறுநாள் 12 யூனிட்!

பங்குனியில் 15 வரை வந்தது. கத்திரி வெயிலில் இன்னும் ஏறும் என்று எண்ணி ஏமாந்தேன், 13க்கு இறங்கியது. பேனலுக்கு வெளிச்சம் வேண்டும், சூடு ஆகாது. அட்டையில் போட்டிருக்கும் வாட் கணக்கு பேனல் 25 டிகிரியில் இருக்கும்போது எடுத்தது. எங்கள் பேனலின் விவரத்தாள்படி அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 சதவீதம் குறையும். மொட்டை மாடியில் 60 டிகிரி வெகு சாதாரணம், ஆகவே எட்டில் ஒரு பங்கு போய்விடும். பேனலுக்கு அடியில் காற்றோட்டம் இருக்கும்படி சட்டத்தை உயர்த்தச் சொல்லுங்கள்.

இன்னொன்று. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் வெயில் கொளுத்தினாலும் உற்பத்தி பூஜ்யம்தான். நம் பேனல் மின்சாரம் வெளிக்கம்பிக்குப் போய், கம்பத்தில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக்கூடாது என்பதற்காக இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும். பழுது என்று நினைத்து என்னைப் போல் புகார் கொடுக்காதீர்கள்.

தொட்டி நின்ற இடம் காலியானதும் அம்மா அங்கே கொடி கட்டச் சொன்னார். சேலை நிழல் பேனலில் விழும் என்றேன். "மார்கழிக்கு மட்டும்தானே?" என்றார். கொடியையும் வடக்கே கட்டிக் கொடுத்திருக்கிறேன்.