ஒற்றைக் கலக் குடை

இரணைமடுக் குளக்கட்டில பாசியைக் கிண்டிக்கொண்டு, "மாமா, உயிர்க்கலம் (செல்) எண்டா கண்ணுக்குத் தெரியாதுதானே?" எண்டாள் ஏ.எல் பயோ படிக்கிற மருமகள்.

அசெட்டபுலாரியாவைச் சொன்னன். கடல் அல்கா, அதாவது பாசி. முழு உடம்பும் ஒரே கலம், நீளமோ சில சென்ரிமீற்றர்! ஈர்க்கு மாதிரித் தண்டு, உச்சியில பச்சைக் குடை, கலத்தை நடத்திற கரு அடியில. (நானும் படத்தில பாத்ததுதான்.) 1930களில ஹெமர்லிங் எண்ட ஜேர்மன் உயிரியலாளர் இதை ஆய்வுகூடத்தில வளர்த்து, ஒரு இனத்தின்ர தண்டை வெட்டி மற்ற இனத்தின்ர அடியில ஒட்டினார். முதல் முளைச்ச குடை ரெண்டு இனத்துக்கும் இடைப்பட்ட ரெண்டுங்கெட்டான். அதையும் வெட்டிவிட, அடுத்து வந்தது அடியில இருந்த கருவின்ர இனத்துக் குடை. குடையின்ர வடிவத்தைத் தீர்மானிக்கிறது கருதான் எண்டு தெரிஞ்சது, டிஎன்ஏயின்ர வடிவம் பிடிபட முன்னமே!

"திரும்பத் திரும்பக் குடை முளைக்குமோ? குடுத்து வைச்ச பாசி" எண்டாள்.

மழை பிடிச்சிட்டுது. ரெண்டு பேரிட்டையும் குடை இல்லை.